மூன்று ஞாயிறு கேட்டால் கிடைக்கும்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் முழங்காலும் சுகம்தானே? முழங்காலைத் தனியாக விசாரிப்பதற்குக் காரணம், போன கடிதத்தில் உங்களைப் பற்றி எழுதியதைவிட அதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருந்தீர்கள்.

வரும் சனிக்கிழமை வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, கடல் தாண்டி மகனோடு இருக்கப் போகிறீர்கள். இந்த வயதில் போகிறவர்கள் திரும்பி வருவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நானும் பேசவில்லை. அதற்கு முன்னால் "ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போடா" என்று நீங்கள் எழுதி ஒரு மாதம் ஆகிறது. நான் பதில் போடவில்லை. இப்போது போடுகிறேன். என்னால் வர முடியாது அக்கா. வர முடியாது என்றுதான் நினைக்கிறேன். வானிலை நிலையத்தில் உத்தியோக காலம் முழுவதும் மழைமானியைப் பார்த்து, 'மழை வரலாம், வராமலும் போகலாம்' என்று அறிக்கை எழுதியவன் நான். எதையும் உறுதியாக எழுத இன்றைக்கும் கை கூசுகிறது. இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் உங்களுக்குக் காது கேட்காது, எனக்கு வாய் வராது. இரண்டு பேரும் மாறி மாறி 'ஆங்' சொல்லிக்கொண்டிருப்பதற்குக் கடிதம் எவ்வளவோ மேல்.

வர முடியாததற்குக் காரணம் என் மருமகள். உடனே முகம் சுளிக்க வேண்டாம். அவளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உண்மையில் அவளைப் பற்றி எழுதும்போது எழுந்து நின்று எழுத வேண்டும் போல இருக்கிறது, இடுப்பு சம்மதிக்காததால் உட்கார்ந்து எழுதுகிறேன். போன வருடம் பையன் வேலை செய்யும் அச்சகத்தில் ஆர்டர் குறைந்து சம்பளத்தைப் பாதியாக்கியது உங்களுக்குத் தெரியும். இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு எங்காவது ஒற்றை அறைக்குப் போய்விடலாம், பேத்தியை வேறு பள்ளியில் சேர்க்கலாம் என்று நானும் பையனும் முடிவு செய்து, முடிவு செய்த துக்கத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். மருமகள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவில் மேற்பார்வையாளர் அல்லவா? மேசையில் விரித்த துணியின் மேல் கை, காலர், பை என்று எல்லா வடிவங்களையும் நெருக்கி அடுக்கி, வெட்டிய பிறகு கீழே விழுகிற துண்டில் ஒரு பொம்மைக்குக்கூடச் சட்டை தைக்க முடியாதபடி செய்வதுதான் அங்கே அவள் வேலை. அன்றைக்கு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, துணியைப் பார்க்கிற அதே கண்ணால் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். "இங்க நிறைய கழிவு விழுது மாமா" என்றாள். என்னைத்தான் சொல்கிறாளோ என்று நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதலில் விளக்கில் கை வைத்தாள். இருட்டிய பிறகு கூடத்தில் மட்டும் ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, மற்ற அறைகளில் ஆள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளக் கூடாது என்றாகிவிட்டது. நானும் என் மனைவியும் வருடக்கணக்காக, அவள் டிவி அறையிலும் நான் செய்தித்தாளோடு வேறு அறையிலுமாக, மிகவும் சுமுகமாக வாழ்ந்து வந்தவர்கள். திடீரென்று ஒரே விளக்கின் கீழ் எதிரெதிரே உட்கார வேண்டியதாயிற்று. முதல் வாரம் பேச ஒன்றும் இல்லை. இரண்டாம் வாரம் சண்டை போட்டோம். மூன்றாம் வாரம், மேல் வீட்டுக்காரர் மாடிப்படி ஏறுவதை அவள் நடித்துக் காட்டினாள், எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. இவ்வளவு வேடிக்கையான பெண்ணோடு இத்தனை காலம் மின்சாரத்தைச் செலவழித்து ஒதுங்கி இருந்திருக்கிறேன் அக்கா.

அடுத்து தண்ணீர். வாஷிங் மெஷினில் துணி அலசிய கடைசித் தண்ணீரை வாளியில் பிடித்துத் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றும் இலாகா எனக்கு ஒதுக்கப்பட்டது. முதல் தண்ணீர் எது, கடைசித் தண்ணீர் எது என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் கேட்க வேண்டும், எனக்குக் கேட்கக் கூச்சம், அதனால் சோப்புத் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டேன். தக்காளிச் செடி நுரை தள்ளிக்கொண்டு நின்றது. மருமகள் இரண்டு வாளிகளுக்கும் வேறு வேறு நிறத்தில் துணி கட்டி வைத்தாள். நாலு நாள் கழித்துப் பார்த்தால் செடியில் இருந்த பூச்சியெல்லாம் ஓடிப்போயிருந்தன. இப்போது பூச்சி தெரிந்தாலே, "மாமா, அன்னிக்கு மாதிரி கொஞ்சமா ஒரு தப்பு பண்ணிடுங்க" என்கிறாள். என் தப்பைக்கூட வீணாக்காத மனுஷி அவள்.

அப்புறம் அந்த குக்கர் விவகாரம். கடலை பாதி வெந்ததும் அடுப்பை அணைத்து, குக்கரைப் போர்வைக்குள் நன்றாகச் சுற்றிக் கட்டிலில் படுக்க வைத்துவிடுவாள். மீதிப் பாதி தன் சூட்டிலேயே வெந்துகொள்ளும், கேஸ் மிச்சம். இதை எல்லோருக்கும் சொன்னாளாம், நான் அப்போது மொட்டை மாடியில் இருந்திருக்கிறேன். மதியம் படுக்கப் போனால் கட்டிலில் போர்வைக்குள் யாரோ சுருண்டு கிடக்கிறார்கள். பேத்தி பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள் போல என்று மெல்லத் தொட்டுப் பார்த்தேன், அனல் பறக்கிறது. "குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்குது" என்று நான் போட்ட கூச்சலில் என் மனைவி ஈரத்துணியோடு ஓடி வந்தாள், பின்னாலேயே மேல் வீட்டுக்காரர் டாக்டரைக் கூப்பிடப் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். போர்வையை விலக்கினோம். மேல் வீட்டுக்காரர் குனிந்து குக்கரை முகர்ந்து பார்த்தார். பிறகு, கடலை நன்றாக வெந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டார். வெந்திருந்தது. இப்போது அவர் வீட்டுக் கட்டிலிலும் மதிய வேளையில் ஒரு குக்கர் படுத்திருக்கிறது.

துணிமணி பற்றிக் கேட்கவே வேண்டாம். பையன் ஒருநாள் தரை துடைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். கையில் இருந்தது அவன் முதல் நேர்காணலுக்குப் போட்டுக்கொண்டு போன நீலக் கோடு போட்ட சட்டை. அது பேத்திக்குப் பாவாடையாகி, பிறகு காய்கறிப் பையாகி, பையும் இற்ற பிறகு தரை துடைக்கும் துணியாகியிருந்தது. "ஒரு சட்டைக்கு இத்தனை பதவி குடுத்திருக்கே. எனக்கு ஒண்ணாவது கிடைச்சுதா?" என்று பெண்டாட்டியிடம் கேட்டான். "நீங்க இன்னும் கிழியலையே" என்றாள் அவள்.

சிரிப்பு இருக்கட்டும் அக்கா. சம்பளம் பாதியாகி ஒரு வருடம் முடியப் போகிறது. அதே வீட்டில் இருக்கிறோம். பேத்தி அதே பள்ளிக்குப் போகிறாள். யாரிடமும் கைநீட்டவில்லை. வானம் எப்படி வேலை செய்கிறது என்று பாதியாவது எனக்குத் தெரியும், இவள் எப்படிச் செய்கிறாள் என்று மட்டும் எத்தனை யோசித்தாலும் பிடிபடவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவள் போட்ட சட்டங்களில் பெரியது மூன்று ஞாயிறு சட்டம். வீட்டில் யாருக்கு என்ன புதிதாக வேண்டுமானாலும், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோர் முன்னாலும் வாய்விட்டுக் கேட்க வேண்டும், ஏன் வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். அப்படி மூன்று ஞாயிறு கேட்டால் கிடைக்கும். அவ்வளவுதான். யாரும் மறுப்பதில்லை, வாதம் செய்வதில்லை. "சரி, அடுத்த வாரமும் சொல்லுங்க" என்பாள் மருமகள். ஆச்சரியம் என்னவென்றால், பாதிப் பேர் மூன்றாம் ஞாயிறு வரை போவதே இல்லை. பையன் புதுப் போன் கேட்டான், முதல் வாரம் அவன் சொன்ன காரணங்களைக் கேட்டு எனக்கே ஒன்று வாங்கலாம் போல இருந்தது, இரண்டாம் வாரம் அதே காரணங்கள் கொஞ்சம் இளைத்திருந்தன, மூன்றாம் வாரம் "விடுங்க, சொல்றதுக்கு எனக்கே ஒரு மாதிரியா இருக்கு" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டான். என் மனைவி மிக்ஸி கேட்டாள், மூன்றாம் ஞாயிறுக்குள் பழைய மிக்ஸியின் பிளேடை மாற்றினால் போதும் என்று தானே கண்டுபிடித்துவிட்டாள். பேத்தி மட்டும் கலர் பென்சிலை மூன்று வாரமும் கண்ணில் தண்ணீரோடு கேட்டு வாங்கினாள்.

உங்களிடம் வந்துபோக ரயில் செலவு உண்டு. ஆகவே நானும் கேட்க வேண்டும். உங்கள் கடிதம் வந்த வாரம், குளிக்கும்போது இரண்டு தடவை ஒத்திகை பார்த்துவிட்டு, சாப்பாடு முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு "எனக்கு ஒரு..." என்று ஆரம்பித்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். மருமகள் கையில் இருந்த பாத்திரத்தைக்கூடக் கீழே வைத்துவிட்டாள். "...டம்ளர் தண்ணி" என்று முடித்தேன். அதற்கு மூன்று ஞாயிறு தேவைப்படவில்லை, உடனே கிடைத்தது. அடுத்த ஞாயிறும் வாய் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, தட்டைப் பார்த்துக்கொண்டே, அக்கா வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். "சரி மாமா, ஒரு தடவை ஆச்சு" என்றாள். அன்றைக்கு முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. போன ஞாயிறு இன்னும் முறையாகச் செய்ய வேண்டும் என்று நினைத்து, அறிக்கை எழுதுகிற பழக்கத்தில், போக வேண்டியதற்கான காரணங்களோடு போக வேண்டாம் என்பதற்கான காரணங்களையும் எடுத்துச் சொன்னேன். ரயில் செலவு, பையன் நிலைமை, என் இடுப்பு, நான் வந்தால் மூட்டை கட்டுகிற நேரத்தில் உங்களுக்கு ஏற்படும் தொந்தரவு. சொல்லி முடித்தபோது எனக்கே போகக் கூடாது என்று பட்டது. "இவரு கட்சிக்கு இவரே எதிர்க்கட்சி" என்றாள் என் மனைவி. மருமகள் விரலில் எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டாள். "இப்ப நீங்க கேட்டீங்களா, வேணாம்னீங்களா மாமா?" என்றாள். தெரியலம்மா என்றேன்.

அதைக் கேட்டதாகவே வைத்துக்கொண்டாலும் இன்னும் ஒரு ஞாயிறு பாக்கி. நீங்கள் புறப்படுவது சனிக்கிழமை. என் ஞாயிறு அதற்கு மறுநாள் வருகிறது. எனக்கு மட்டும் சலுகை கேட்கலாமே என்பீர்கள். பேத்தி மூன்று வாரம் அழுது வாங்கிய சட்டத்தை நான் எந்த முகத்தோடு வளைப்பேன்? தவிர, கேட்கத் தெரிந்தவனாக இருந்தால் இந்தச் சிக்கலே இல்லையே. சின்ன வயதில் எனக்கு வேண்டியதை எல்லாம் நீங்கள்தான் கேட்டு வாங்கித் தந்தீர்கள். நான் உங்கள் பின்னால் நின்றுகொண்டிருப்பேன், நீங்கள் போய் "தம்பிக்குப் பென்சில் வேணுமாம்", "தம்பிக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமாம்" என்பீர்கள். உங்களைப் பார்க்கணும்னு கேக்கறதுக்கு மட்டும் நான் யாரை அனுப்புறது அக்கா.

போகிற இடத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்குச் சூடு வையுங்கள். பெரியவர்களாக நீங்கள் எங்கிருந்து ஆசீர்வதித்தாலும் அது எங்களை வந்து சேரும் என்ற தைரியத்தில் எல்லோர் சார்பிலும் வணங்கி முடிக்கிறேன்.

என்றும் உங்கள் பின்னால் நிற்கும்
தம்பி

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் தயவுசெய்து மறந்துவிடுங்கள். கடிதத்தை மடித்துக்கொண்டு தபால்தலை கேட்க மருமகளிடம் போனேன். இதற்கும் மூன்று ஞாயிறு ஆகுமோ என்று பயம் வேறு. யாருக்கு என்றாள், சொன்னேன். என்ன எழுதியிருக்கிறீர்கள் என்றாள், வர முடியாது என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன். அதைச் சொல்ல இத்தனை பக்கமா என்று புரட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இதுக்கு எதுக்கு ஸ்டாம்ப்பு? அதே ஊருக்கு ஆளும் போயி தபாலும் போகணுமா? நீங்களே கையில குடுத்துடுங்க." உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே, என் மனைவி அதைக் காட்டியதும், டிக்கெட் எடுத்துவிட்டாளாம். முன்கூட்டி எடுத்தால் விலை குறைவாம், மூன்று ஞாயிறு காத்திருந்தால் ஏறிவிடுமாம். இன்று மாலை ரயில். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, பேத்தி உட்பட. அப்புறம் ஏன் என்னை இந்தப் பாடு படுத்தினாய் என்று கேட்டேன். "இந்த வீட்ல நீங்க ஒருத்தர்தான் இதுவரைக்கும் எதுவுமே கேட்டதில்ல மாமா. ஒரு தடவையாவது கேப்பீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். எனக்கு மறுபடியும் தண்ணீர் தேவைப்பட்டது.

டிக்கெட் இரண்டு. என் மனைவியும் வருகிறாள். தனியாக விட்டால் இறங்க வேண்டிய ஸ்டேஷனில் இறங்கலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே ரயிலோடு போய்விடுவேனாம். நீங்கள் போகிற இடம் குளிர் என்பதால், மருமகள் எங்கள் எல்லோருடைய பழைய துணிகளையும் நெருக்கி அடுக்கி ஒரு போர்வை தைத்துத் தந்திருக்கிறாள். தரை துடைத்த சட்டை அதில் இல்லை என்று சொல்லச் சொன்னாள். முழங்காலுக்கும் போர்த்தலாம், குக்கருக்கும் போர்த்தலாம்.

இதை நீங்கள் படிக்கும்போது நான் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். என்னிடம் எதுவும் கேட்க வேண்டாம், எல்லாம் இதிலேயே எழுதியிருக்கிறேன். வெளியே மேகம் கூடுகிறது. மழை வரலாம், வராமலும் போகலாம். நான் வந்துவிட்டேன்.