பிரேக்பாயின்ட் போடாத வீரர்

பல் தேய்த்த கையோடு அவர் சபதம் போட்டுவிட்டார். "உயிரே போனாலும் பிரேக்பாயின்ட் போடமாட்டேன்!"

ஓடுகிற புரோகிராமை நடுவழியில் மறித்து, "உள்ளே என்ன வெச்சிருக்கே, காட்டு" என்று விசாரிப்பதுதான் பிரேக்பாயின்ட். அவர் எழுதுவதோ ஃபங்ஷனல் மொழி; எல்லாமே 'ஃபங்ஷன்' என்கிற சூத்திரங்கள்தான். கணக்குப் போலச் சுத்தமானது. அதைப் போய் மறித்து விசாரிப்பதா? மொழிக்கே அவமானம்!

மனைவிக்கும் அதே தொழில்தான், வேறு கம்பெனி. "நடுவுல நிறுத்திக் கேள்வி கேட்டா உங்களுக்கு ஆகாதே. புரோகிராமையும் சரி, உங்களையும் சரி" என்றாள்.

"யோசிச்சே கண்டுபிடிப்பேன்!"

"யோசிங்க. நல்லாப் பெரிய ஃபங்ஷன். எல்லாரும் வந்தாச்சு, விடை மட்டும்தான் வரலை."

விஷயம் விளையாட்டில்லை. குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு மருந்தளவு சொல்லும் புரோகிராம். சாயங்காலம் ஒப்படைக்க வேண்டும். சோதித்துப் பார்த்தால், கைக்குழந்தைக்கு யானைக்கான மருந்தை எழுதுகிறது! மதியத்துக்குள் அவருக்குத் தலைமுடி பாதி கையோடு வந்துவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை.

அவள் துணி உலர்த்த மாடிக்குப் போனாள். இவர் திருடன் மாதிரி எட்டிப் பார்த்தார். சட்டென்று ஒரு பிரேக்பாயின்ட் போட்டு ஓட்டினார். நின்றது! எந்த வரியில் நின்றது என்று பார்க்கக்கூடப் பொறுமையில்லை.

'எடை என்ன?' என்று தட்டினார்.

மூவாயிரம்!

கிராமில் வந்த எடையை அது கிலோ என்று நம்பிவிட்டது. ஆயிரத்தால் வகுத்தார். மறுபடி ஓட்டி, நின்ற இடத்தைத் தாண்டவிட்டார். மருந்து சொட்டுக் கணக்கில் வந்தது. அப்பாடா! நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த யானை இறங்கிப் போனது. கண்கூடக் கலங்கிவிட்டது. தான் போட்ட பிரேக்பாயின்ட்டை எடுத்துத் தடயத்தை அழித்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்தார்.

மனைவி காலி வாளியோடு இறங்கி வந்தாள்.

"யோசிச்சேன். கிடைச்சிடுச்சு!"

"அப்பாடி, நிம்மதி! பிரேக்பாயின்ட்டை எடுத்துட்டீங்களா?"

"எ... எந்த பிரேக்பாயின்ட்?"

"மத்தியானம் நீங்க குளிக்கப் போனப்ப நான் போட்டு வெச்சது. அதுலதானே நின்னிருக்கும்?"

"இல்லையே! நான் போட்டதுலதான்..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் திரையைப் பார்த்தாள். அவளுடையது அப்படியே இருந்தது. "உங்களது எந்த இடத்துல?"

சுண்டு விரலால் காட்டினார்.

"அங்கயா? அது நிக்கவே நிக்காதுங்க; நின்னது என்னோடதுலதான். இந்த மொழி யாராவது கேட்டாத்தான் அந்தக் கணக்கையே போடும். நீங்க போட்டது, உங்க பேச்சு மாதிரி, யாருமே கேட்காத இடம்."