எட்டுப் புள்ளியும் ஜன்னலோர இடமும்

“டைப்பிஸ்ட் மேடம் மட்டும் டிரைவரை ஜெயிச்சுட்டா நான் காலி!” என்று அலறினார் ஸ்டோர் கிளார்க்.

ஆபீஸ் கேரம் போட்டியில் அவர் எட்டுப் புள்ளியோடு முதலிடத்தில் இருந்தார். டைப்பிஸ்டுக்கு ஆறு, ஒரு ஆட்டம் பாக்கி. ஜெயித்தால் இரண்டு புள்ளி, அவருக்கும் எட்டு. சமமாக வந்தால், இருவரும் மோதியபோது ஜெயித்தவரே சாம்பியன். அந்த மோதலில் டைப்பிஸ்ட் கிளார்க்கைத் துவைத்துக் காயப்போட்டிருந்தார்.

சாம்பியனுக்கு ஒரு வருடம் ஜன்னலோர இடம். பதினோரு வருடமாகக் கழிவறைக் கதவருகே உட்காரும் மனிதருக்கு அதுதான் மோட்சம்.

போட்டிச் சட்டங்களை எழுதியவரும் அவரே. ‘குறித்த நேரத்துக்கு வராதவர் தோற்றவர்’ என்று சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார். பக்கத்திலேயே புள்ளிப் பட்டியல். கடைசி வரி துப்புரவு அம்மாவுடையது, காலியாகவே கிடந்தது. “ஏதோ ஆசைக்குப் பேர் குடுத்திருக்கு” என்று, மற்ற ஏழு பேரோடும் அவருக்கு இருந்த ஆட்டங்களைக் காலை எட்டு மணிக்குப் போட்டிருந்தார். ஆபீஸுக்கு ஆள் வருவதே ஒன்பதரைக்குத்தான்.

கிளார்க் ஒரு வாரம் சாப்பாட்டு வேளையை விட்டுக்கொடுத்து டிரைவருக்கு ஆட்டம் பழக்கினார். டிரைவர் டைப்பிஸ்டை ஊதித் தள்ளினார்.

“ரொம்பத் துள்ளாதீங்க சார்” என்றார் டைப்பிஸ்ட். “டிரைவருக்கு இப்ப ஆறு. அடுத்த வாரம் மேனேஜரையும் அடிச்சா எட்டு. அவரும் உங்களை ஜெயிச்சவர்தானே?”

“ஐயையோ! எனக்கு நானே சூனியம் வச்சுக்கிட்டேனே!”

மேனேஜரிடம் ஓடினார். “சார், எப்படியாவது டிரைவரை ஜெயிச்சிடுங்க!”

“பழகறதுக்கு நேரம் எங்கேய்யா? வருஷ ஸ்டாக் ரிப்போர்ட் மலையா கிடக்கு.”

“அதை நான் எழுதறேன் சார்!”

நான்கு நாள் எழுதியதில் விரல் வீங்கிவிட்டது. மேனேஜர் பழகினார், ஜெயித்தும்விட்டார்.

இனி எவராலும் எட்டைத் தொட முடியாது. கிளார்க் தன் மேசையைத் தானே இழுத்து ஜன்னலோரம் போட்டார். முகத்தில் காற்றுப் பட்டதும் கண் கலங்கிவிட்டது, பாவம்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஸ்டூலும் கையுமாக வந்தார் துப்புரவு அம்மா.

“மேசையைக் கொஞ்சம் நகர்த்துங்க சார். ஏழு நாள் காலைல எட்டு மணிக்கு போர்டுக்குப் பவுடர் போட்டுட்டு உக்காந்திருந்தேன், நீங்க உட்பட ஒருத்தரும் வரல. உங்க சட்டப்படி ஏழு ரெண்டு பதினாலுதானே?”