இரண்டு சாம்பிள் பைகள்

டீ உப்புக் கரித்தது.

பாலகுரு முதல் வாயைத் துப்பிவிடத்தான் நினைத்தான். ஆனால் எதிரே ரேணுகா நின்றுகொண்டிருந்தாள். சர்க்கரை போடாத டீயைக் கொடுத்துவிட்டு, புருஷன் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பது அவளுடைய காலை வேலைகளில் ஒன்று.

"டீ எப்படிங்க இருக்குது?"

"ம்... நல்லா இருக்குது."

"நாக்கு பழகிடுச்சு பாத்தீங்களா? நான்தான் சொன்னேனே!"

நாக்கு பழகவில்லை. அந்த நிமிஷம் அது தொண்டைக்குள் போய் ஒளிந்துகொள்ளப் பார்த்தது. பாலகுரு கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தையும் குடித்து முடித்தான். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவன் உப்பு தின்ன வேண்டியதுதான். அதற்காக டம்ளர் கணக்கிலா?

எல்லாம் டாக்டர் ஆரம்பித்து வைத்தது. "சர்க்கரை எல்லையில நிக்குது. இப்போதைக்கு மாத்திரை வேணாம், சாப்பாட்டை மாத்துங்க. ஒருத்தர் மட்டும் மாத்தினா நடக்காது. வீட்டுல ரெண்டு பேருமே மாத்துங்க" என்று அவர் சொன்னதும், பக்கத்தில் இருந்த ரேணுகா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த நிமிர்வைப் பார்த்தபோதே தன் சோற்றுக்கு ஆபத்து என்று பாலகுருவுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாளே அரிசி மூட்டை சின்னப்பாப்பா வீட்டுக்குப் போனது. சின்னப்பாப்பா அவர்கள் உப்பளத்தில் வேலை செய்பவள், ரேணுகாவுக்கு வீட்டு வேலையிலும் கை கொடுப்பவள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் காலிஃபிளவரைத் துருவி அதற்குச் சோறு என்று பெயர் வைத்தார்கள். சுரைக்காயை நீளநீளமாகச் சீவி நூடுல்ஸ் என்றார்கள். இட்லிக்குப் பதில் முட்டை வந்தது. சங்கரா மீன் குழம்பு மட்டும் மாறவில்லை, ஆனால் அதைக் காலிஃபிளவர் மேல் ஊற்றிப் பிசைய வேண்டியிருந்தது. அந்தக் குழம்புக்கே அழுகை வந்திருக்கும்.

இதையெல்லாம்கூட பாலகுரு தாங்கிக்கொண்டான். டீயைத்தான் தாங்க முடியவில்லை. மெடிக்கல் ஷாப்பில் இனிப்பு மாத்திரை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தான். சட்டை துவைக்கப் போனபோது மாட்டிக்கொண்டான்.

"இது கெமிக்கலுங்க!" என்று டப்பாவோடு கொல்லையில் எறிந்தாள் ரேணுகா. "சர்க்கரைய வுட்டுட்டு, சர்க்கரை மாதிரி இன்னொண்ணைப் புடிச்சுக்கிட்டா நாக்கு எப்பங்க திருந்தும்? நாக்கு இனிப்பையே மறக்கணும்."

சொன்னதோடு விடவில்லை. இரும்பை என்கிற ஊரில் இருக்கும் சிவன் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போய், இனி இனிப்பைத் தொடுவதில்லை என்று இரண்டு பேருமாகச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தார்கள்.

அவள் சத்தியத்தைக் காப்பாற்றினாள். சாயங்காலம் கொல்லையில் தனியாக உட்கார்ந்து கடுங்காப்பி குடித்துவிட்டு வருவாள். அப்போது அவள் முகத்தில் இருக்கிற நிறைவைப் பார்த்தால் பாலகுருவுக்குத் தன்மேலேயே வெட்கம் வரும்.

அவனுக்கு வழி காட்டியவர் கன்னியப்பன். திண்டிவனத்துப் பக்கம் ஊறுகாய் போடுகிறவர்களுக்கு உப்பு அனுப்பும் வியாபாரி. "உப்பு சர்க்கரை மாதிரி வெள்ளையா, பொடியா இருக்கணும் பாலகுரு. சாம்பிள் எடுத்து வையி. ஆளை அனுப்பறேன்" என்றார். பாலகுரு உப்பைச் சலித்து, ஒரு சின்னத் துணிப் பையில் கட்டி அலமாரியில் வைத்தான். வைத்துவிட்டுப் பார்த்தான். சர்க்கரை மாதிரியேதான் இருந்தது. புத்தி கெட்டுப்போக அது போதும்.

மறுநாள் அந்தப் பைக்குப் பக்கத்தில் அதே போல இன்னொரு துணிப் பை உட்கார்ந்திருந்தது. அதற்குள் இருந்தது நிஜச் சர்க்கரை. உப்பளக்காரன் வீட்டில் உப்புப் பையை யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? தினம் காலையில் ரேணுகா அடுப்படிக்குத் திரும்பியதும், கண்ணை வாசற்படியில் வைத்துக்கொண்டு, கையை மட்டும் பைக்குள் விட்டு ஒரு கரண்டி எடுத்து டீயில் போட்டுக் கலக்குவான்.

ஒரே தொல்லை எறும்பு. அவன் எடுத்ததைவிட வேகமாகப் பை இளைத்துக்கொண்டு வந்தது. எறும்பைத் திட்டிக்கொண்டே அலமாரி முழுக்க எறும்பு சாக்பீஸால் கோடு போட்டான். "உப்புக்கு எதுக்குங்க கோடு?" என்று ரேணுகா கேட்டதற்கு, "கரப்பான் வருது" என்று சமாளித்தான். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. அதை நினைத்து அப்போது அவன் சந்தோஷப்பட்டான்.

இப்போது டம்ளரை வைத்துவிட்டு அலமாரியைப் பார்த்தான். ஒரு பைதான் இருந்தது. விரலை விட்டு நாக்கில் வைத்தான். உப்பு.

"இன்னொரு பை எங்க?"

"நேத்து நீங்க உப்பளத்துல இருக்கசொல்ல கன்னியப்பண்ணன் டிரைவர் தேவா வந்தாருங்க. சாம்பிள் கேட்டாரு. முன்னால இருந்ததை எடுத்துக் குடுத்தேன்."

பாலகுரு கணக்குப் போட்டான். இரண்டு பையில் ஒன்று உப்பு, ஒன்று சர்க்கரை. இங்கே இருப்பது உப்பு. அப்படியென்றால் கன்னியப்பன் கைக்குப் போயிருப்பது என்ன?

வெளியே கடல் பக்கமிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. உப்பளக் கரையில் அவனுடைய இந்த வருஷத்து உப்பு முழுவதும் குவிந்து கிடந்தது. கன்னியப்பன் எடுக்காவிட்டால் மழை எடுத்துக்கொண்டு போய்விடும், அதுவும் ஓசியில். போன வருஷம் அப்படித்தான் போனது. இந்த வருஷமும் போனால் அடுத்த வருஷம் பாத்தி கட்ட அவனிடம் தெம்பு இருக்காது.

வாசலுக்கு ஓடி, தேவாவுக்குப் போன் போட்டான்.

"தேவா, நேத்து எடுத்துக்கினு போனியே ஒரு பை, அதைப் பிரிக்காத. வேற சாம்பிள் தரேன்."

"ஏன் சார்? நல்லா இல்லியா?"

"இல்லப்பா... அது கொஞ்சம் ஈரம் பட்டுடுச்சு."

போனில் சத்தம் மாறியது. கன்னியப்பனே பேசினார். "என்னாது, ஈரமா? அப்ப குவியலும் நனைஞ்சிட்டுதா?"

"ஐயோ இல்லண்ணே, பைதான் ஈரம்."

"பை எப்படிய்யா தனியா நனையும்? நான் நேர்லயே வர்றேன். கிளியனூரு தாண்டிட்டேன்."

போன் வைக்கப்பட்டது. பாலகுரு வாசலுக்கும் அலமாரிக்கும் நடந்தான். மறுபடி அலமாரிக்கும் வாசலுக்கும் நடந்தான். ரேணுகா அவன் பின்னாலேயே வந்தாள்.

"சாம்பிள்தானேங்க? வுடுங்க. எந்தப் பையா இருந்தா இன்னா, ஒண்ணும் ஆவாது."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ பேசாம இரு!" என்று சீறிவிட்டு, வீட்டில் இருந்த உப்புப் பையைக் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டு பைக்கை எடுத்தான்.

"இருங்க, அவருக்கும் சேத்துச் சாப்பாடு எடுத்துக்கினு நானும் வர்றேன்" என்று அவள் கத்தியது தெருமுனையில் கேட்டது. அவளையும் அங்கே வரவழைத்துக்கொண்டாயிற்று.

அவன் உப்பளத்துக்குப் போய்ச் சேரவும் கன்னியப்பன் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பெரிய உடம்பைக் காரிலிருந்து பிதுக்கிக்கொண்டு இறங்கினார். காரின் முன் கண்ணாடிக்குப் பின்னால், டேஷ்போர்டின் மேல், அந்தத் துணிப் பை சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கட்டு அவிழ்க்கப்படவில்லை. பாலகுருவுக்கு மூச்சு வந்தது.

"நீங்க போய்க் குவியலைப் பாருங்கண்ணே. நான் தண்ணி எடுத்தாறேன்."

கன்னியப்பனும் தேவாவும் வரப்பில் நடந்தார்கள். பாலகுரு காரைச் சுற்றி வந்து, திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டான். பை எட்டவில்லை. தலையை விட்டான். தோளையும் விட்டான். பையைப் பிடித்துவிட்டான். இடுப்பிலிருந்த பையை உருவி அந்த இடத்தில் வைக்கிற நேரத்தில் பின்னால் குரல் கேட்டது.

"சார், இன்னா பண்றீங்க?"

குடை எடுக்கத் திரும்பி வந்த தேவா. பாலகுரு துள்ளியதில் தலை காரில் இடித்து, இரண்டு பைகளும் சீட்டுக்கடியில் விழுந்தன. பதறிப்போய் இரண்டையும் பொறுக்கினான். அதே துணி, அதே நூல், ஒரே பருமன். எது எது என்று அவனுக்கே தெரியவில்லை.

கன்னியப்பன் வேகமாக வந்தார். "அதென்ன ரெண்டு பை?"

"ஒண்ணு உங்களுதுண்ணே. இன்னொண்ணு..."

"வண்டிக்குள்ள பூந்து சாம்பிளை மாத்தறியா? குடுத்த சாம்பிள் ஒண்ணு, குவியல்ல இருக்கறது ஒண்ணா? எவன் அளத்து உப்பைக் காட்டி எனக்கு விக்கப் பாக்கற?"

"சத்தியமா இல்லண்ணே!"

"அப்ப எதுக்கு மாத்தற?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது, வரப்பில் டிபன் கேரியரோடு ரேணுகா வந்துகொண்டிருந்தாள். பின்னால் சின்னப்பாப்பா தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். பாலகுரு திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"ஏம்பா, வாயில இன்னா வச்சிருக்க?" என்றார் கன்னியப்பன். கார்க் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். "தேவா, வண்டிய எடு. மரக்காணத்துல இந்த ஒருத்தன்தான் உப்பு விக்கறானா?"

பாலகுருவின் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. மேகம் தலைக்கு மேலேயே வந்துவிட்டது. அவன் உப்பைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். சூடத்தை நினைத்தான். மறுபடி உப்பைப் பார்த்தான். வெயிலில் காய்ந்து, கால் வெடித்து வாரிய உப்பு.

"அண்ணே, போவாதீங்க! உப்புல ஒரு குத்தமும் இல்ல. ஒரு பையில இருக்கறது சர்க்கரைண்ணே! டீயில போட்டுக்க ஒளிச்சு வச்சிருந்தேன். தெரியாம உங்களுக்கு வந்துடுச்சு!"

கன்னியப்பன் காரில் வைத்த காலை எடுத்தார். தேவா குடையால் வாயை மறைத்துக்கொண்டான்.

"என்னங்க!" என்றாள் ரேணுகா. கேரியரைத் தொப்பென்று வரப்பில் வைத்தாள். "சூடம் அணைச்சீங்களேங்க! சாமி முன்னாடி சத்தியம் பண்ணீங்களேங்க! அப்ப நான் கை நோவத் துருவுன காலிஃபிளவருக்கெல்லாம் இன்னாங்க மரியாதை?"

பக்கத்துப் பாத்தியில் வேலை செய்தவர்கள் உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார்கள். பாலகுரு தலையைக் குனிந்துகொண்டான். அவமானமாக இருந்தது. ஆனாலும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கி, இத்தனை நாளில் முதல் தடவையாக லேசாகவும் இருந்தது.

ரேணுகா சட்டென்று குரலைத் தணித்தாள். "சரிங்கண்ணே. அதான் ஒத்துக்கினாரே. பையை ரெண்டையும் இப்படிக் குடுங்க. நான் கொண்டு போய்க் கொட்டிடறேன்."

"இரும்மா. சர்க்கரை எதுன்னு பாத்துட்டுத் தரேன்" என்று கன்னியப்பன் பாலகுருவிடமிருந்து பைகளை வாங்கி, ஒன்றின் கட்டை அவிழ்த்தார். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார்.

"உப்பு."

"அப்ப இன்னொண்ணுதாண்ணே."

இன்னொன்றையும் அவிழ்த்துப் போட்டார். முகம் சுருங்கியது. "இதுவும் உப்புதான்யா."

"இருக்காதுண்ணே!"

கன்னியப்பன் நடந்து போய்க் குவியலிலிருந்தும் ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு திரும்பினார். "மூணும் ஒரே உப்பு. நல்ல உப்பு. தேவா, லாரிய உடனே வரச் சொல்லு, மழைக்கு முன்ன ஏத்திடலாம். பாலகுரு, நீ முதல்ல வூட்டுக்குப் போயி ஒரு வாய் சோறு தின்னு. பட்டினி மூளைக்கு ஏறிப்போச்சு உனக்கு."

உப்பு விற்றுவிட்டது. ஆனால் பாலகுரு சந்தோஷப்படவில்லை. இரண்டு பைகளையும் மாறி மாறி நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். இதுவும் உப்பு. அதுவும் உப்பு.

"அப்ப என் சர்க்கரை எங்க போச்சு?"

ரேணுகா அவசரமாக வானத்தைப் பார்த்தாள். "மழை வந்துடுச்சு பாருங்க. தார்ப்பாயைப் புடிங்க, புடிங்க!"

குடத்தை இறக்கிவிட்டுத் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்த சின்னப்பாப்பா, பாவம் இந்த அண்ணன் எவ்வளவு நேரம்தான் தேடுவார் என்கிற இரக்கத்தில் சொன்னாள்:

"அதை அக்கா தெனம் காப்பிக்குப் போட்டு நேத்தே தீத்துடுச்சேண்ணே! பை சப்பையா இருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிடும்னு நாந்தான் உப்பை ரொப்பிக் கட்டி வச்சேன்."