உள்விழிக்கு அளவெடுத்த தையற்காரி

உள்விழி மாஸ்டர் ஊருக்கு வந்த மூன்றாம் வாரத்திலேயே மாடி ஹாலின் படிக்கட்டில் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. கண்ணை இறுகக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் புத்தகம் படிக்கிறார்களாம். பஸ் டிக்கெட்டின் நம்பரைக்கூட ஒப்பிக்கிறார்களாம். கண்ணைத் திறந்துவைத்திருந்தும் பாடப்புத்தகத்தைத் திரும்பிப் பார்க்காத பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வங்கி மேலாளர் வந்தார். பல் டாக்டர் வந்தார். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற பேராசிரியர்கூட வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ஒளி எதற்குள் போகும், எதற்குள் போகாது என்று வருடம் முழுக்கப் பாடம் எடுக்கிறவர், கறுப்புத் துணிக்குள் அது எப்படிப் போயிற்று என்று மட்டும் கேட்கவில்லை. அன்று அவருக்கு விடுமுறை.

"நெத்திக்குள்ள ஒரு கண்ணு தூங்கிட்டிருக்கு. நான் தட்டி எழுப்புறேன். இருபத்தோரு நாள், அவ்வளவுதான்" என்றார் மாஸ்டர். கூட்டம் தன் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

அந்தக் கூட்டத்தில் ஒரு தையற்காரியும் இருந்தாள். அவளுடைய ஒன்பது வயது மகளுக்கு வீட்டில் 'நிருபர்' என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் கேள்விதான். ஆனால் வாசிப்பு மட்டும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் தினமும் பெஞ்சுமேல் நின்றாள். கடைசியில் ஒரு சிறப்பு ஆசிரியை சோதித்துப் பார்த்து, இது டிஸ்லெக்சியா, புத்தியில் ஒரு குறையும் இல்லை, வேறு வழியில் சொல்லித்தர வேண்டும், அவ்வளவுதான் என்றார். தையற்காரி பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவெடுத்தாள்.

ஆசிரியை ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். "ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போதும்மா. நாலே எழுத்து. விரலால தடவட்டும், சத்தத்தை வாய்விட்டுச் சொல்லட்டும். மறந்துட்டா திரும்பச் சொல்லுங்க. திட்டாதீங்க."

தையற்காரிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நாலு எழுத்தா? இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்? தாள் தையல் மெஷினின் டிராயருக்குள் போயிற்று. மறுநாளே நாத்தனார் மாஸ்டரின் நோட்டீஸோடு வந்து நின்றாள்.

"இருபத்தோரு நாள்ல எல்லாம் சரியாயிடுமாம். நீ உக்காந்து நாலு எழுத்தைத் தடவிக்கிட்டிருக்கப் போறியா?"

"இல்ல அண்ணி, சேத்துடலாம்" என்றாள் தையற்காரி.

பதினெட்டு நாளாயிற்று. மற்ற பிள்ளைகள் கண்ணைக் கட்டியதும் கடகடவென்று படித்தார்கள். நிருபர் மட்டும் திருதிருவென்று விழித்தாள், துணிக்குள்தான். "இந்தப் பொண்ணுக்கு நம்பிக்கை பத்தலை" என்று மாஸ்டர் எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றிலிருந்து அவள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். மூன்று நாள், ஒரு கேள்வி இல்லை.

நாலாம் நாள் ஒரு கேள்வி வந்தது.

"அம்மா, கண்ணைக் கட்டினாக்கூட நான் மக்குதானா?"

மெஷின் நின்றது. "யாருடி சொன்னா அப்படி?"

"எல்லாரும் படிக்கிறாங்களே. எனக்கும் கீழ தெரியுது. தெரிஞ்சாலும் எழுத்தெல்லாம் குழம்புதும்மா."

"என்ன தெரியுது?"

"புத்தகம்தான். மூக்குப் பக்கத்துல சந்து இருக்கில்ல, அது வழியா. எல்லாருக்கும் தெரியும். வெளிய சொன்னா சாக்லேட் கிடையாது."

ஊரிலேயே மாஸ்டரின் வித்தை பலிக்காத ஒரே பிள்ளை அவள்தான். சந்து வழியாகப் பார்க்க யாராலும் முடியும். பார்த்ததை வாசிக்கவும் வேண்டுமே!

வீட்டுப் பயிற்சிக்குக் கொடுத்த துணியைத் தையற்காரி தன் கண்ணில் கட்டிக்கொண்டு குனிந்தாள். ஊசி தெரிந்தது, நூல் தெரிந்தது, சாக்பீஸ் தெரிந்தது. ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது, பாதி மாஸ்டர் மேல், பாதி தன் மேல். பதினாறு வருடமாக உடம்பின் மேடு பள்ளம் பார்த்துத் துணி வெட்டுகிறவள். நேராக வெட்டிய துணி மூக்கின் மேல் படியாது என்பதை அவளுக்கு இன்னொருவர் சொல்லித்தர வேண்டுமா?

அந்த வாரமே மாஸ்டர் அவளைத் தேடி வந்தார். பெரிய நிகழ்ச்சி வைக்கப்போகிறாராம். இருபது புதுத் துணி வேண்டுமாம், ஓரத்தில் தங்கக் கலரில் கரையோடு.

"பழைய மாதிரியே நேரா வெட்டித் தைச்சிடுங்கம்மா."

"நீங்க கவலைப்படாதீங்க சார், ஒழுங்கா தைச்சுத் தர்றேன்."

ஒழுங்காகத்தான் தைத்தாள். மூக்கு மேட்டின் இரண்டு பக்கமும் துணியை மடித்துப் பிடித்து, உள்ளே பஞ்சு வைத்து, கன்னத்தோடு படியும்படி தைத்தாள். மாஸ்டர் கரையைத் தடவிப் பார்த்துப் பாராட்டினார். ஒன்றைக் கட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அவருக்குத்தான் உள்விழி திறந்தே கிடக்கிறதே.

நிகழ்ச்சியில் முதலில் வந்தவன் வங்கி மேலாளரின் மகன். புத்தகத்தைப் பிடித்தான். முகவாயைத் தூக்கினான், இறக்கினான். வார்த்தை வரவில்லை. அடுத்தவள் வந்தாள். அவளுக்கும் வரவில்லை. நாலாவது பிள்ளை அழுதே விட்டது.

மாஸ்டர் கையை உயர்த்தினார். "இந்த ஹால்ல யாரோ சந்தேகத்தோட உக்காந்திருக்காங்க. அந்த அலை தடுக்குது."

பேராசிரியர் அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டார். தையற்காரி எழுந்தாள்.

"சந்தேகம் எனக்குத்தான் சார். போன வாரமும் இருந்துச்சு. அப்ப எல்லாரும் படிச்சாங்களே?"

மேடையேறி, பையிலிருந்து பழைய துணியை எடுத்து மேலாளரின் மகனுக்குக் கட்டினாள். "பயப்படாத கண்ணு, உன் மேல தப்பே இல்ல. படி." அவன் ஒரு பக்கத்தைக் கடகடவென்று படித்தான். பழக்கதோஷத்தில் ஹால் கைதட்டியது. புதுத் துணியைக் கட்டினாள். மௌனம். மறுபடி பழையதைக் கட்டி, புத்தகத்தை அவன் நெற்றிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். அப்போதும் மௌனம்.

"உள்விழி நெத்தியிலதானே சார் இருக்கு? புத்தகம் நெத்திக்கு நேராத்தான் இருக்கு. இப்பதானே இன்னும் நல்லாத் தெரியணும்?"

மாஸ்டர் தண்ணீர் குடித்தார். அப்போது கூட்டத்திலிருந்து நிருபரின் குரல் வந்தது.

"சார், உள்விழி நெத்தியில இருந்தா, அது ஏன் மூக்கு வழியா பாக்குது?"

ஹால் சிரித்தது. மகள் கேள்வி கேட்டுவிட்ட சந்தோஷத்தில் தையற்காரிக்குக் கண் கலங்கியது. சிரிப்பு அடங்குவதற்குள் மாஸ்டர் பின்பக்கப் படிக்கட்டில் இறங்கிப் போயிருந்தார். அந்த வழி அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

"என்ன இருந்தாலும் அவர் வந்தப்புறம் என் தலைவலி குறைஞ்சது" என்றாள் நாத்தனார்.

மறுநாள் காலை தையற்காரி டிராயரைத் திறந்து தாளை எடுத்தாள். சொரசொரப்பான துணியில் நாலு எழுத்து வெட்டி அட்டையில் ஒட்டினாள். நிருபர் விரலால் தடவிச் சத்தம் போட்டுச் சொன்னாள், இடையிடையே பதினொரு கேள்வி கேட்டாள். வாரக் கடைசியில் மூன்று எழுத்து நின்றது, ஒன்று மறந்தது. தையற்காரி திரும்பச் சொல்லித்தந்தாள், திட்டவில்லை.

மாஸ்டர் இப்போது வேறொரு ஊரில் ஹால் பிடித்திருக்கிறாராம். உங்கள் ஊராகக்கூட இருக்கலாம். உங்கள் பிள்ளையின் கண்ணைக் கட்ட வந்தால், முதலில் அவர் கண்ணைக் கட்டிப் படிக்கச் சொல்லுங்கள். துணியை மட்டும் நீங்களே வெட்டுங்கள்.