பரதேசி ஐயா இருந்து எழும்பிய மாமரத்தடி

ஒருவரை நிம்மதியாக ஏசக்கூட விடாத மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். திருகோணமலைத் துறைமுக வீதியில் அவருக்குப் பெயர் பரதேசி ஐயா.

கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் ஓர் எல்லைக் கிராமத்திலிருந்து சண்டைக் காலத்தில் ஓடி வந்தவர். ஒருநாள் ஓட்டோக்காரன் ஒருவன், "டேய் பரதேசி, விலத்தடா" என்று ஒரு சைக்கிள்காரனைப் பார்த்துக் கத்தினான். ஐயா போய் ஓட்டோவுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"தம்பி, பரதேசம் எண்டால் பிற தேசம். அங்கையிருந்து வந்தவன் பரதேசி. பிறகு கோயில் கோயிலாய் நடக்கிறவனையும் அப்பிடிச் சொல்லிச்சினம். வாசலுக்கு வந்தால் கால் கழுவத் தண்ணி குடுத்துச் சோறு போட்டவை. பிச்சைக்காரன் எண்டதெல்லாம் பிறகு வந்தது. எல்லையில குடியிருந்து பார், ரெண்டு பக்கத்தானுக்கும் நீ பரதேசிதான்."

"ஐயா, உள்ளுக்கை பிள்ளைத்தாச்சி இருக்கிறா."

"அப்ப கெதியாச் சொல்லி முடிக்கிறன்."

பின்னால் மீன் லொறியும் பஸ்ஸும் ஹோன் அடித்தன. அன்று அவருக்குக் கிடைத்த பெயர்களில் பரதேசிதான் மரியாதையானது.

சாமி கும்பிடாத இந்த மனிதர் வருஷாவருஷம் காவி கட்டிக்கொண்டு, கதிர்காமத்துக்கு நடந்து போகும் சாமிமாரோடு புறப்படுவார். மூதூர்ப் பக்கம் போனதும் திரும்பிவிடுவார். என்ன கள்ளம் இது என்று அதே வீதியில் இருந்த எனக்கு எரிச்சல். இரத்தத்தில் சீனி ஏறிய என் வருத்தத்துக்கு நடக்கச் சொல்லி டொக்டரும் அரித்துக்கொண்டிருந்ததால், ஒருமுறை கூடவே போனேன். என் கால் கொப்புளித்தது. அவர் வாய் ஓயவில்லை.

கட்டைபறிச்சானுக்கு அப்பால் ஒரு வீட்டு வளவில் சாமிமாருக்குக் கஞ்சி வார்த்தார்கள். ஐயா நேரே மாமரத்தடிக்குப் போய் இருந்தார்.

"நான் வைச்ச மரம்," என்றார்.

"அப்ப உங்கட வளவைத் திருப்பிக் கேக்கிறதுதானே ஐயா?"

"ஆரிட்டக் கேக்கிறது? இதுகளும் எங்கையோ அடிபட்டு ஓடி வந்ததுகள். சும்மா வந்தால் ஆரெண்டு கேப்பினம். காவியோட வந்தால் இருக்க விடுவினம்."

வீட்டுக்காரப் பெண் கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "சாமி எந்த ஊர்?"

வீதியையே மறித்து விளக்கம் சொன்ன மனிதர், தன் கிணற்றுத் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார்.

"தூரம், பிள்ளை," என்றார்.

கஞ்சியைக் குடித்துவிட்டு எழும்பினோம். அந்த வருஷ மழைக்காலத்திலேயே ஐயா உப்புவெளியில் ஒரு தகரக் கொட்டிலில் செத்துப்போனார்.

இந்த வருஷம் டொக்டர் சொல்லாமலே காவி கட்டிக்கொண்டு போனேன். மாமரத்தடியில், அவருக்கும் இடம் விட்டு இருந்தேன்.