பூனைக்கு ஒரு சிட்டிகை, எனக்கு ஒரு டம்ளர்

இயேசு மரி சூசை துணை

ஆவடி குவார்ட்டர்ஸ்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்தபின்.

என் அன்பு மகள் ஜெயசீலிக்கு (சிஸ்டர் என்று எழுத இன்னும் கை வரவில்லை, நீ வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரி ஆன பிறகு பழகிக்கொள்கிறேன்) அப்பா கிறிஸ்துதாஸ் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் உன் அம்மா ஆரோக்கியம்மாளும் உன் பூனை துரையும் தேவமாதாவின் தயவால் சுகம். மடத்துக்கு வரும் கடிதங்களைத் தலைவி பிரித்துப் படித்த பிறகுதான் பிள்ளைகளிடம் கொடுப்பார்கள் என்று நீ எழுதியிருந்தாய். ஆகவே இதை உனக்கு முன்பே படித்துக்கொண்டிருக்கும் மரியாதைக்குரிய மதர் அவர்களுக்கும் என் தோத்திரம். மதர் அவர்களே, இக்கடிதத்தில் ஒரு பூனையின் வயிற்றைப் பற்றிச் சில விவரங்கள் வருகின்றன. அவற்றை விட்டுவிட்டு எழுதினால் கடிதத்தில் மிஞ்சுவது கிழமை மட்டும்தான். தங்கள் கண்ணில் படத்தகாத சொல் எதுவும் வந்துவிடக் கூடாதே என்று, அந்தக் குறிப்பிட்ட காரியத்துக்கு எங்கள் பேக்டரி வழக்கில் உள்ள 'டெஸ்பாட்ச்' என்ற சொல்லையே உபயோகித்திருக்கிறேன்.

மகளே, உன் கடிதத்தில் என் உடம்பைப் பற்றி நாலு வரியும் துரையைப் பற்றி ஒரு வரியும் கேட்டிருந்தாய். எழும்பூர் ஸ்டேஷனில் வண்டி நகரும்போதும் இதே இரண்டைத்தான் சொன்னாய். "அப்பா, டாக்டரைப் பாருங்க. துரையைப் பாத்துக்குங்க." முதலாவதற்கு அவசியமே இல்லை. எனக்கு என்ன குறை? இந்த நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உட்காருவதைப் பார்த்து நீயும் அம்மாவும் ஏதேதோ கற்பனை செய்கிறீர்கள். அது பலகையின் கோணல். இரண்டாவதற்கு நான் வாக்குக் கொடுத்தேன். நீ வார்த்தைப்பாடு முடிந்து வீட்டுக்கு வரும் அந்த ஒரு வாரம், வாசலில் துரை வந்து உன் காலைச் சுற்ற வேண்டும், அதற்கு நான் பொறுப்பு என்றேன். அந்த வாக்கு காற்றில் போக இருந்ததையும் போகாமல் தப்பியதையும்தான் சொல்ல வருகிறேன், பதறாமல் படி.

நீ போன பிறகு சாப்பாட்டு நேரத்தில் எனக்குப் பேச்சுத்துணை இல்லை. அம்மா எனக்குப் போட்டுவிட்டுத்தான் உட்காருவாள், அது உனக்குத் தெரியும். அதனால் துரையை என் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டெலும்பு, வெள்ளிக்கிழமை மீன் முள், இடையில் கருவாட்டுத் தலை, எதை நீட்டினாலும் துரை மறுப்பதில்லை, அவசரமும் இல்லை, ஏதோ எனக்கு உபகாரம் செய்வது போல வாங்கிச் சாப்பிடும். பாசத்தில் கண் தெரியவில்லை, கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் காலை, நம் லைன் வீடுகளின் பூச்சு வேலைக்கென்று கொட்டிவைத்திருக்கிறார்களே மணல் (நீ இருக்கும்போது கொட்டிய அதே மணல்தான், பூச்சு இன்னும் வரவில்லை), அதில் துரை போய் உட்கார்ந்தது, வெகுநேரம் இருந்தது, எழுந்தது, இடம் மாறி உட்கார்ந்தது, கடைசியில் ஒன்றும் டெஸ்பாட்ச் ஆகாமல் திரும்பி வந்தது. மறுநாளும் அப்படியே. ஒரு முனகல் உண்டா, ஒரு புகார் உண்டா! முகத்தில் என்ன ஒரு வைராக்கியம்! என் கண் கலங்கிவிட்டது. அந்த வேதனை பட்டவனுக்குத்தான் தெரியும் என்பார்கள். எனக்குத் தெரியாது, கேள்விப்பட்டிருக்கிறேன்.

கூடையில் வைத்து மேலே துண்டைக் கட்டிக்கொண்டு நானும் அம்மாவும் பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினோம். கண்டக்டர் வந்து, "கூடைல இன்னா பெருசு? கோழியா?" என்றார். பூனை என்றேன். "பூனைக்கு லக்கேஜ் போடணும்" என்று அவர் சொல்லும்போதே துரை துண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி அவரை ஒரு பார்வை பார்த்தது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னா லுக்கு வுடுது பாரேன், டிக்கெட் செக்கிங் ஆபீஸர் கணக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். நோயிலும் அந்தக் கம்பீரம் குறையவில்லை என்பதற்காக இதை எழுதினேன்.

மாட்டாஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் ஒரு எருமை, பின்னால் இரண்டு ஆடுகள். சின்ன வயது டாக்டர், தங்கமான கை. துரையின் வயிற்றை இரண்டு விரலால் தடவியதுமே, "எலும்பு போட்டீங்களா சார்?" என்று கேட்டுவிட்டார், பக்கத்து வீட்டில் இருந்து பார்த்தவர் மாதிரி. அன்றைக்கு வேண்டியதை அவரே அங்கு செய்து அனுப்பினார் (விவரம் வேண்டாம், மதர் அவர்கள் இருக்கிறார்கள்). பிறகு, "எலும்பை நிறுத்திடுங்க. நார்ச்சத்து சேருங்க. பரங்கிக்காயை வேகவச்சு மசிச்சு ஒரு ஸ்பூன், இசப்கோல் ஒரு சிட்டிகை, நல்லா தண்ணியில ஊறவச்சு சாப்பாட்டோட. தண்ணி நிறைய குடிக்கணும், ஓடியாடணும். ஒரு வாரத்துல சரியாயிடும்" என்றார். நான் நின்றுகொண்டே கேட்டேன், மரப் பெஞ்சுகள் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. டாக்டர் என்னையும் காலியாக இருந்த பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்து, "இதெல்லாம் மனுஷங்களுக்கும் நல்லதுதான் சார்" என்றார். பொதுவாகச் சொன்னார். அம்மா மட்டும், "டாக்டர், அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டு மனப்பாடம் செய்துகொண்டாள். அந்தப் பூனைமேல் அவளுக்கு இவ்வளவு அக்கறை இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

இசப்கோல் என்பது வெள்ளை உமி மாதிரி இருக்கும், மருந்துக் கடையில் டப்பாவில் தருகிறார்கள். கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் கலக்கி வைத்துவிட்டு ரேடியோவில் செய்தி கேட்கப் போனேன். வந்து பார்த்தால் அல்வாப் பதத்தில் இறுகிக் கிடக்கிறது, கரண்டியைத் தூக்கினால் கிண்ணமும் கூடவே வருகிறது. அதைத் துரையின் முன்னால் வைத்தேன். ஒரு சுற்றுச் சுற்றி வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, முன்காலால் தரையைப் பிறாண்டி அதன்மேல் மண் தள்ளுவது போலச் செய்துவிட்டுப் போய்விட்டது. முப்பது வருஷம் பேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன், இவ்வளவு தெளிவான ரிஜெக்‌ஷனை நானே கொடுத்ததில்லை.

அப்போதுதான் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள். "என்னங்க, ஒரு போல்ட்டைக்கூடச் சோதிக்காம உள்ள விடமாட்டீங்க. வாயில்லா ஜீவனுக்கு ஒரு மருந்தை நீங்க சாப்பிட்டுப் பாக்காமலா குடுப்பீங்க?" செருப்பால் அடித்தது போல இருந்தது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், என் தொழில் தர்மத்தை எனக்கே எடுத்துச் சொல்கிறாள்! அன்று முதல் துரைக்குப் போகும் ஒவ்வொரு வேளையும் முதலில் என் சோதனைக்கு வந்தது. துரைக்கு ஒரு சிட்டிகை, எனக்கு ஒரு டம்ளர். "சாம்பிள் சரக்கைவிடப் பெரிசா இருக்கே ஆரோக்கியம்" என்றேன். "உடம்பு எடைக்குத் தக்கபடிதானே சோதனை?" என்றாள். டம்ளரைக் காலி செய்தேன். உன் அம்மா பேக்டரியில் சேர்ந்திருந்தால் எனக்கு மேலதிகாரியாக இருந்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

துரையைச் சாப்பிட வைத்த புண்ணியம் மீன்கார வேம்புலியம்மாளுக்கு. விஷயத்தைக் கேட்டதும் கூடையை இறக்கிவைத்துச் சிரித்தாள். "இன்னா நைனா, உமியைக் கொண்டாந்து வச்சா துன்னுமா? அது இன்னா குதிரையா? சங்கரா மீனு தலைய வேகவச்சு அந்தத் தண்ணில கலக்கி வையி. நக்கிகினே கெடக்கும் பாரு." முள்ளை எடுத்துவிட்டு அந்த மீன் தண்ணீரில் மட்டும் கலந்து வைத்தோம், உமி ஊறி இறுகுவதற்குள் கிண்ணம் பளபளவென்று ஆகிவிட்டது. என் சாம்பிள் மட்டும் மோரில் வந்தது. இரண்டும் வேறாயிற்றே என்றதற்கு அம்மா, "உமியைச் சோதிக்கிறீங்களா, தண்ணியைச் சோதிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அதுவும் நியாயம்தான்.

ஒரு பரங்கிக்காயில் துரைக்கு ஒரு ஸ்பூன் போனால் மீதி என்ன ஆகும்? கூட்டு, பொரியல், குழம்பு. அதோடு கீரை, வாழைத்தண்டு, அவரை என்று எல்லாம் துரையின் பெயரில் வீட்டுக்குள் வந்தன. "நீங்க சாப்பிடறதைப் பாத்தாத்தான் அது சாப்பிடும்" என்று அம்மா சொல்வாள், நானும் ஒரு முன்மாதிரிக்காகச் சாப்பிடுவேன். தண்ணீரும் அப்படித்தான், சொம்பு சொம்பாக. ஓடியாட வேண்டும் என்றாரே டாக்டர், அதற்காகக் காலையில் துரையைக் கூப்பிட்டுக்கொண்டு மைதானம் வரை நடக்கிறேன். துரை மதில்மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. நான் போய்த் திரும்பி வருவதைக் கவனமாகப் பார்க்கிறது, பார்ப்பதும் ஒருவித அப்பியாசம் என்று அம்மா சொல்கிறாள். இதற்கிடையில் ஒரு நல்ல செய்தி, நாற்காலிப் பலகை தானாகவே நேராகிவிட்டது. இதைத் தலையணை இல்லாமல்தான் எழுதுகிறேன். மரம் நாள்பட்டால் பதப்படும் போலிருக்கிறது.

ஆனால் துரையின் நிலைமைதான் தேறவில்லை. டாக்டர் சொன்ன வாரம் போய் இரண்டு மாதமும் போயிற்று. நான் எழுந்து வருவதற்குள் அம்மா முறத்துடன் மணலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இன்னிக்கும் அரைகுறைதாங்க" என்று உதட்டைப் பிதுக்குவாள். மனம் உடைந்து போகும். ஆனால் துரையைப் பார்! வயிற்றில் அவ்வளவு பாரத்தை வைத்துக்கொண்டு தாவுகிறது, அணில் துரத்துகிறது, பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தியின் பாலைத் திருடுகிறது. நோயை வெளியே காட்டாமல் வாழ்வது எப்படி என்று நாமெல்லாம் அதனிடம் கற்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் ஊரைக் கூட்டியிருப்பார்கள். உனக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் பேனாவைத் தொடவில்லை.

இன்று அம்மா முதல் பூசைக்குப் போய்விட்டாள், நான் இரண்டாம் பூசைக்குப் போவதாக இருந்தேன். சரி, இன்றைக்கு நாமே பார்ப்போம் என்று ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு மணலில் குந்தி உட்கார்ந்தேன். குந்தி உட்கார்ந்து எத்தனை காலம் ஆயிற்று, அதைக்கூட நான் கவனிக்கவில்லை. கலியமூர்த்தி பல் துலக்கிக்கொண்டே வந்து, "இன்ஸ்பெக்டர் சார், இன்னா தேடுறீங்க?" என்றார். பூனையின் டெஸ்பாட்ச் என்று எப்படிச் சொல்வது? சும்மா என்றேன். அவர் என் வெறும் விரலைப் பார்த்துவிட்டார். (கல்யாண மோதிரத்தைக் குளிக்கக் கழற்றி வைத்திருந்தேன்.) "அய்யய்யோ, மோதிரமா!" என்று அவர் போட்ட சத்தத்தில் லைனே திரண்டது. சல்லடை கொண்டுவந்தவர்கள், தொலைந்ததைக் கண்டெடுத்துத் தரும் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தவர்கள், ஒன்றும் வேண்டாம் என்று நான் சொல்வதை ஒருவராவது கேட்டால்தானே! கலியமூர்த்தி முழங்கை வரை மணலுக்குள் விட்டு, "கெட்சுது சார், கைல கெட்சுது!" என்று முகமெல்லாம் மலர்ந்து கையை வெளியே எடுத்தார். பிறகு அவர் முகம் மாறியது. என் முகம் மலர்ந்தது. மகளே, முழுமையானது, குறையில்லாதது, முதல் தரம்! என்னை அறியாமல், "மாதாவே, பாஸ்!" என்று கத்திவிட்டேன். கலியமூர்த்தி இன்னும் என்னோடு பேசவில்லை. நல்ல மனுஷர், கையைக் கழுவிக் காய்ந்ததும் பேசுவார்.

ஆகவே உன் துரை முற்றிலும் குணமடைந்துவிட்டது என்ற செய்தியைச் சந்தோஷமாகத் தெரிவித்துக்கொள்கிறேன். வேலை முடிந்தபடியால் நாளை முதல் உமி, பரங்கிக்காய், நடை மூன்றையும் நிறுத்துவதாக உத்தேசம். இதைச் சொன்னபோது அம்மாவின் முகம் ஏனோ வாடிவிட்டது, பாவம், பூனைக்குச் செய்து செய்து பழகிவிட்டாள். பேக்டரியில் ஒரு லாட் சரக்கு பாஸானால் சோதனையை நிறுத்தித்தானே ஆக வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன்.

நீ நன்றாகச் சாப்பிடு, நன்றாகச் செபம் செய். அந்தச் செபத்தில் எங்களையும், கடைசியில் இடமிருந்தால் கலியமூர்த்தியின் கையையும் சேர்த்துக்கொள். மதர் அவர்களுக்கும் மடத்துச் சகோதரிகள் எல்லோருக்கும் என் வணக்கத்தைச் சொல். தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

உன் அன்பு அப்பா,
கிறிஸ்துதாஸ்
(இன்ஸ்பெக்‌ஷன், ஓய்வு)

பின்குறிப்பு: சீலி, அம்மா எழுதுகிறேன். சோற்றுப் பருக்கையை வைத்துக் கவரை ஒட்டச் சொல்லிவிட்டு அப்பா கடைசி நடை என்று நடக்கப் போயிருக்கிறார். துரை மாட்டாஸ்பத்திரிக்குப் போய்வந்த ஒரு வாரத்திலேயே சரியாகிவிட்டது. தினமும் விடியும்முன்னே போய் எல்லாவற்றையும் முறத்தில் அள்ளிக் கொட்டிவிட்டு, அரைகுறை என்று அவரிடம் சொன்னவள் நான்தான். இன்றைக்கு ஒரு நாள் முதல் பூசைக்குப் போனேன், மாட்டிக்கொண்டேன். எத்தனை வருஷமாக இவருடைய மூலத்துக்கு இதே உமியைச் சொல்லிப் பார்த்தேன், டாக்டரிடம் வாருங்கள் என்று கெஞ்சினேன். கத்தி வைத்துவிடுவார்களோ என்று பயம், அதை வெளியே சொல்லவும் மாட்டார். கக்கூஸில் உட்கார்ந்து மாதாவே மாதாவே என்று அவர் வாய்க்குள் கூப்பிடுவது எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டிருந்தார். எத்தனை நாள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அழுதிருக்கிறேன். தனக்கென்றால் ஒரு வாய் மருந்து குடிக்காத மனுஷன், உன் பூனைக்கென்றதும் டம்ளர் டம்ளராகக் குடித்தார். இப்படி ஒரு மனுஷனை நான் எங்கே போய்த் தேடுவேன்? பொய் சொன்னதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். சாமியார் வெகுநேரம் இருமினார், பிறகு பரிகாரமாக அருள் நிறைந்த மரியே செபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். பொய்யை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டார். அதனால் நீ உடனே ஒரு பதில் போடு. துரைக்கு ஆயுசு முழுக்க உமியை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் திரும்ப வந்துவிடும் என்று எழுது. நீ வீட்டுக்கு வரும்போது துரையைக் காட்டப் போகலாம் என்று கிளப்பி, இவரைப் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போய்விடலாம். மதர் அம்மா, நீங்களும் இதைப் படிப்பீர்கள், உங்கள் கையால் ஒரு வரி சேர்த்து எழுதினால் அவர் மீறமாட்டார். இது ஒரு பாவமென்றால் என் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வாசல் பக்கம் மாதா பாட்டு கேட்கிறது. அவர்தான், இப்போதெல்லாம் பாடிக்கொண்டேதான் வருகிறார். ஒட்டிவிடுகிறேன்.