உரியவரில்லாப் பம்பு வதைப் படலம்

விசைப்பலகை வில்லேந்திய வீரா, வாழி! பட்டம் பெற்ற நாள்முதல் பிறர் சொல் புகுந்தறியாச் செவிச்செல்வா, வாழி! மாத்தளை மாநகர் மென்பொருட் செம்மலே, ரஜீவா, நீ வாழி!

அவன் பூண்ட போர் யாதெனின், ஸக்கரியா முதலாளியின் தண்ணீர்ப் பம்பு திருத்தும் கடையில் ஆண்டாண்டாய் ஊறிக் கிடந்த பழைய தரவுத்தளத்தின் செல்வமனைத்தையும் பெயர்த்தெடுத்துப் புதிய தரவுத்தளத்தில் குடியேற்றுவது. திங்கள் காலை புதியது பிழையின்றி ஓடினால் நாவுல ஊர்க் கிளையின் வேலையும் அவனுக்கே. ஓடாவிட்டால் வேறு ஆள். முதலாளி அவ்வளவுதான் சொல்லியிருந்தார்.

ஞாயிறன்று, பூட்டிய கடையினுள் போர் மூண்டது. பழைய தரவுத்தளமோ எதைப் போட்டாலும் விழுங்கும் பெருவயிற்றுப் பூதம். புதியதோ உரியவர் எண் இல்லாத பம்பு எதையும் வாசற்படி மிதிக்கவிடாத ஆசார அரசி. படையெடுத்துச் சென்ற பதிவுகளில் ஒரு பெருங்கூட்டம் அவ்வாசலில் முட்டி மோதி மண்டை உடைந்து திரும்பியது. அவற்றிலெல்லாம் உரியவர் எண் பூச்சியம்.

வில்கமுவ, பல்லேகமப் பக்கத்து உழவர்கள் பழுதான பம்போடு தாமும் பஸ் ஏறி ஒரு நாளைக் கெடுப்பதில்லை; கொண்டக்டரிடம் சொல்லிப் பம்பை மட்டும் ஏற்றிவிடுவார்கள். கடையில் இறக்கியதும் பதிவெழுதும் ஹாஷிம் உரியவர் எண்ணில் பூச்சியத்தைத் தட்டி, எந்த ஊர் பஸ், என்ன நிறம், யார் வீட்டுப் பம்பு என்பதைக் குறிப்பில் போட்டுவைப்பார். அவருக்கு ஒரு டெலிபோன் கோல் எடுத்திருந்தால் விளங்கியிருக்கும். எடுப்பானா நம் வீரன்? கேட்டறிந்தால் பட்டத்தின் மானம் என்னாவது?

"உரியவரில்லாப் பதிவுகாள், நீவிர் குப்பை! இக்கணமே மாள்க!" என்று ஆளில்லாக் கடையில் முழங்கி, குறிப்பை ஒருமுறை படித்தும் பாராமல், பெயர்த்த பிரதியிலிருந்து அத்தனையையும் ஒற்றைக் கட்டளையால் வெட்டிச் சாய்த்தான். மீதியை அரசி முணுமுணுக்காமல் ஏற்றாள். வெற்றித்திருமகன் கொத்து ரொட்டி தின்று நிம்மதியாகத் தூங்கினான்.

திங்கள் காலை பல்லேகம பஸ்ஸில் வந்திறங்கினாள் முனவ்வரா; தண்ணீரின்றி வெடித்த வயலை விட்டுவிட்டுப் பம்பெடுக்க வந்தவள். திரையில் அவள் பெயரில்லை. அப்படியொரு பம்பு கடைக்கு வரவேயில்லை என்று ரஜீவன் தீர்ப்பளித்தான். பம்போ அவன் முழங்காலருகே நின்றது.

"கம்ப்யூட்டர்ல இல்லாட்டி அது உங்கட கடையிலயும் இல்லதானே தம்பி. நான் தூக்கிட்டுப் போறேன்," என்றாள் அவள். தூக்கியும் விட்டாள்.

அது கண்ட, தத்தம் பம்பெடுக்க வந்து வரிசையில் நின்ற ஏனைய உழவர் பெருமக்கள் மடையுடைந்த வெள்ளமெனப் பாய்ந்து, ஆளுக்கொரு பம்பைப் பற்றி, ஒரே பச்சைப் பம்பை இருவர் இருபுறமும் இழுக்க, குழாய்கள் உருள, எண்ணெய் வழுக்க, களம் நடுவே செயலற்று நின்றான் செம்மல். அழுகை வரும்போல் இருந்தது அவனுக்கு. சத்தம் கேட்டு முதலாளி வந்தார். பழைய கம்ப்யூட்டரை ஆன் பண்ணச் சொன்னார். ஹாஷிம் குறிப்புகளைப் படிக்கப் படிக்க, பம்புகள் அவரவர் கைக்குப் போயின. வெட்டுண்டவையெல்லாம் அங்கே சுகமாக இருந்தன.

நாவுலக் கடைக்கு வேறு ஆளைப் போட்டார்கள்.